கெர்னல் வலைநிரலில் துணைச் செயற்கூறுகள்

பாடம் நடத்த வரும் ஆசிரியர் ஒருவர், கரும்பலகையின் மேற்பகுதியில் இரண்டு வரிகள் மட்டும் எழுதுகிறார் எனக் கொள்வோம். பலகையின் எஞ்சிய பகுதியை அவர் துடைக்கவில்லை. முந்திய வகுப்பில் எழுதப்பட்ட தேர்வு மதிப்பெண்கள் அங்கே அப்படியே இருக்கின்றன. மாணவரின் பார்வைக்கு அவ்விரண்டு வரிகளோடு மதிப்பெண்களும் சேர்ந்தே வருகின்றன. ஆசிரியர் எழுதியதில் பிழை ஏதும் இல்லை. எழுதாது விட்ட இடத்தைத் துடைக்காததே பிழை.

கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும் வலையமைப்புகளில் இதனை ஒத்த பிழையொன்று நெடுங்காலம் கவனிக்கப்படாமல் இருந்து, 2003ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் உலகறிய வெளிப்பட்டது. அது ஓரிடத்தில் மட்டும் இருந்த பிழையன்று. ஒரே சிறு பணியைப் பலர் தத்தம் நிரல்களில் தனித்தனியே எழுதி வைத்திருந்தமையால், எழுதப்பட்ட இடந்தோறும் அது காணப்பட்டது. இத்தகைய பணிகளுக்குப் பொதுவான துணைச் செயற்கூறுகளை அமைத்துக்கொள்வதும், பிரதிகளாகப் பரவிக் கிடக்கும் வரிகளை நீக்கி அவற்றின் இடத்தில் அச்செயற்கூறுகளை அழைப்பதும் ஏன் அவசியம் என்பதையும், அவ்வாறு மாற்றும்போது எங்கே வழுக்கி விழ நேரும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கெர்னலும் டிரைவரும்

கம்ப்யூட்டரின் நினைவகம், தட்டு, வலை அட்டை முதலிய உறுப்புகளை நேரடியாக ஆளும் அடிப்படை நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். பிற நிரல்கள் யாவும் அதன் அனுமதி பெற்றே அவ்வுறுப்புகளை உபயோகிக்க இயலும். 1991ஆம் ஆண்டில் ஃபின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னல், இன்று மூன்று கோடிக்கும் மேற்பட்ட வரிகளைக் கொண்டதாய் வளர்ந்துள்ளது. அதன் மூல வரிகளை எவரும் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம். ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும், இணையத்தைத் தாங்கி நிற்கும் பெருங்கம்ப்யூட்டர்களிலும், வீடுகளில் உள்ள வைஃபை பெட்டிகள் பலவற்றிலும் இக்கெர்னலே இயங்குகிறது.

வலை அட்டைகள் பல நிறுவனங்களால் பலவிதமாகச் செய்யப்படுகின்றன. ஒவ்வோர் அட்டைக்கும் அதன் குணமறிந்து வேலை வாங்கும் தனி நிரல் தேவை. இதனை டிரைவர் என்பர். கெர்னலின் பெரும்பகுதி இத்தகைய டிரைவர்களாலேயே நிரம்பியுள்ளது. புதிய அட்டைக்கு டிரைவர் எழுதப் புகுவோர், முன்னரே வேலை செய்யும் ஒரு டிரைவரை எடுத்து, அதைப் பிரதி செய்து, வேண்டிய மாற்றங்களைச் செய்துகொள்வது நெடுநாள் வழக்கம். இவ்வழக்கத்தால் உழைப்பு மிச்சமாகிறது. ஆனால் முதல் டிரைவரில் மறைந்திருந்த குறையும் பிரதியோடு சேர்ந்தே குடியேறிவிடுகிறது.

பெங்களூரு நகரத்தார்க்கு இது தொலைவிலுள்ள செய்தி அன்று. 1985ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் இந்நகரில் தன் வடிவமைப்பு நிலையத்தை நிறுவியது. மறு ஆண்டில் தொடங்கிய எர்நெட் என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்புத் திட்டத்தில், இந்நகரின் இந்திய விஞ்ஞானக் கழகம் பங்கேற்ற நிலையங்களுள் ஒன்றாயிற்று. இன்று சிப்புகளையும் வலைச் சாதனங்களையும் வடிவமைக்கும் நிறுவனங்கள் பலவற்றின் பொறியியல் நிலையங்கள் இங்குள்ளன. அவற்றில் டிரைவர் எழுதுவோரும் உளர். 2001ஆம் ஆண்டில் 'லினக்ஸ் பெங்களூர்' என்ற பெயரில் தொடங்கி, 2005 முதல் 'ஃபாஸ் டாட் இன்' எனப் பெயர் மாற்றம் பெற்று, 2012 வரை நடைபெற்ற மாநாடு, கெர்னலை ஆக்குவோரையும் அதைக் கற்போரையும் ஒரே கூரையின் கீழ்ச் சேர்த்து வைத்தது. தொடக்க காலத்தில் லினக்ஸின் வலைப்பகுதியைப் பராமரித்த ஆலன் காக்ஸ் 2005ஆம் ஆண்டு மாநாட்டுக்கு வந்திருந்தார்.

60 பைட்டு என்னும் வரம்பு

இனி, மேற்கூறிய பிழையைப் பார்ப்போம். கம்பி வழியே செய்தி அனுப்பும் ஈதர்நெட் முறையில், செய்தியானது சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்பப்படுகிறது. ஒரு பொட்டலம் 64 பைட்டுக்குக் குறைந்ததாக இருத்தல் கூடாது என்பது விதி. இதில் இறுதி 4 பைட்டுகள் பிழை காணும் சரிபார்ப்பு எண். இவற்றை வழக்கமாக அட்டையே சேர்த்துவிடும். ஆகவே டிரைவர் கணக்கில் குறைந்தபட்ச அளவு 60 பைட்டு ஆகிறது.

இவ்வரம்பு காரணமின்றி விதிக்கப்பட்டதன்று. முற்கால ஈதர்நெட்டில் பல கம்ப்யூட்டர்கள் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்டன. இருவர் ஒரே சமயத்தில் பேசினால் செய்திகள் மோதிக் கெடும். மோதல் நிகழ்ந்ததை அனுப்பியவர் அறியவேண்டுமாயின், கம்பியின் மறுகோடி வரை அலை சென்று மீளும் நேரம் முழுவதும் அவர் அனுப்பிக்கொண்டே இருத்தல் வேண்டும். விநாடிக்கு ஒரு கோடி பிட்டு வேகத்தில் இந்நேரம் 512 பிட்டுகளின் காலம், அதாவது 51.2 மைக்ரோ விநாடி, என நிர்ணயிக்கப்பட்டது. 512 பிட்டு என்பது 64 பைட்டு. இன்றைய கம்பிவலைகளில் பெரும்பாலும் இத்தகைய மோதல் இல்லை. எனினும் வரம்பு நிலைத்துவிட்டது.

எல்லாச் செய்திகளும் அவ்வளவு நீளமானவை அல்ல. வலையில் ஒரு கம்ப்யூட்டரின் அட்டை முகவரியைக் கேட்கும் ஏஆர்பி என்ற வினாவை எடுத்துக்கொள்வோம். வினா 28 பைட்டு. தலைப்பு 14 பைட்டு. ஆக 42 பைட்டு. எஞ்சிய 18 பைட்டுகளை எதைக்கொண்டாவது நிரப்பியாக வேண்டும். ஈதர்நெட்டில் இணையப் பொட்டலங்களை அனுப்பும் முறையை வகுத்த 1984ஆம் ஆண்டு ஆவணம், அவ்விடத்தைப் பூஜ்யங்களால் நிரப்புக என்று கூறியிருந்தது.

துடைக்கப்படாத பலகை

விதி தெளிவாக இருந்தும், பல டிரைவர்கள் நீளத்தை மட்டும் 60 எனக் காட்டிவிட்டு, நிரப்பும் வேலையைச் செய்யாது விட்டன. அட்டையானது, சொன்ன சொல் தவறாமல், நினைவகத்திலிருந்து 60 பைட்டுகளை எடுத்துக் கம்பியில் இட்டது. முதல் 42 பைட்டு ஏஆர்பி வினா. பின்வந்த 18 பைட்டு, அந்த நினைவிடத்தில் அதற்கு முன்னர் எது இருந்ததோ அது. அது முந்திய பொட்டலமொன்றின் வால்பகுதியாக இருக்கலாம். கெர்னல் வேறொரு வேலைக்கு வைத்திருந்த தகவலாகவும் இருக்கலாம்.

2003 ஜனவரியில் ஓஃபிர் ஆர்கின், ஜாஷ் ஆண்டர்சன் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். ஈதர்நெட்டிலிருந்து கசிவது என்ற பொருளில் இக்குறை 'ஈதர்லீக்' எனப்பட்டது. கசிவு மூன்று இடங்களிலிருந்து நிகழக்கூடும் என அவர்கள் காட்டினர்: கெர்னலின் பொது நினைவகம், டிரைவர் தனக்கென ஒதுக்கிய நினைவிடம், அட்டைக்குள்ளேயே அமைந்த நினைவிடம். லினக்ஸ் மட்டுமன்றி வேறு இயக்க அமைப்புகளின் டிரைவர்களும் இதற்கு உட்பட்டவை.

இக்கசிவைக் காண்பதற்குப் பூட்டை உடைக்கத் தேவையில்லை. அதே கம்பிவலையில் இணைந்த ஒருவர், மிகச் சிறிய வினாப் பொட்டலங்களை அடுத்தடுத்து அனுப்பி, விடைகளின் வால்பகுதியைச் சேர்த்துவைத்தாலே போதும். ஒவ்வொரு விடையும் பிறருடைய செய்தியின் சிறு துணுக்கைச் சுமந்து வரும். கடவுச்சொல்லும் கடிதமும் மறைகுறியாக்கம் இன்றியே பெருமளவு அனுப்பப்பட்ட காலம் அது என்பதை நினைவிற் கொண்டால், இதன் தீமை நன்கு விளங்கும்.

பொதுச் செயற்கூறு பிறந்த வகை

திருத்தத்திற்கு இருவழிகள் இருந்தன. ஒவ்வொரு டிரைவரிலும் பூஜ்யம் நிரப்பும் வரிகளைத் தனித்தனியே எழுதுவது ஒன்று. நிரப்பும் வேலையை ஒரேயொரு செயற்கூறாக எழுதி, டிரைவர்கள் அனைத்தும் அதனை அழைக்கச் செய்வது மற்றொன்று. லினக்ஸ் இரண்டாம் வழியைத் தேர்ந்தது. 'எஸ்கேபி_பேட்டூ' என்ற துணைச் செயற்கூறு அமைந்தது. எஸ்கேபி என்பது கெர்னலுக்குள் ஒரு பொட்டலத்தைச் சுமக்கும் அமைப்பின் சுருக்கப் பெயர். பொட்டலம் வேண்டிய நீளத்துக்குக் குறைவாயின், அதன் பின்னே போதிய இடம் உண்டா என்று இச்செயற்கூறு பார்க்கும், இல்லையேல் இடம் பெறும், அவ்விடத்தைப் பூஜ்யமாக்கும். நீளம் போதுமாயின் ஒன்றும் செய்யாது.

இதனால் கசிவு அடைபட்டது. ஆயினும் வேறொரு வகையில் பிரதிகள் மீண்டும் வளர்ந்தன. எஸ்கேபி_பேட்டூ இடத்தைத் துடைத்துத் தருமே ஒழிய, பொட்டலத்தின் நீளக் கணக்கை மாற்றாது. நீளமும் கூடவேண்டும் என்ற டிரைவர்கள் நான்கு படிகளைத் தாமே எழுதிக்கொண்டன: நீளம் குறைவா எனச் சோதித்தல், நிரப்பச் செய்தல், நீளத்தை 60 ஆக்குதல், வால்பகுதியின் குறிமுள்ளை நகர்த்தல். இந்நான்கும் டிரைவருக்கு டிரைவர் சிறு வேறுபாட்டுடன் திரும்பத் திரும்ப எழுதப்பட்டன.

2014 டிசம்பரில் அலெக்ஸாண்டர் டைக் என்னும் கெர்னல் நிரலாளர் இப்படிகளை இரு செயற்கூறுகளாகத் தொகுத்தார். வேண்டிய நீளம்வரை நிரப்பி, நீளக் கணக்கையும் சேர்த்து மாற்றுவது 'எஸ்கேபி_புட்_பேட்டூ'. அதையே ஈதர்நெட்டின் 60 பைட்டு வரம்புக்கெனச் செய்வது 'ஈத்_எஸ்கேபி_பேட்'. பின்னர் டிரைவர்களில் இருந்த நான்கு படிகள் நீக்கப்பட்டு, அவ்விடங்களில் ஒற்றை அழைப்பு வைக்கப்பட்டது.

வரிகள் குறைந்தன என்பது இதன் சிறு பயனே. பெரும்பயன் யாதெனில், நிரப்பும் முறையில் நாளை ஒரு குறை காணப்பட்டால் திருத்தவேண்டிய இடம் ஒன்றாயிற்று. திருத்துவோர் எந்த டிரைவரையும் மறந்துவிட வழியில்லை. புதிய டிரைவரைச் சரிபார்ப்போரும், நான்கு படிகளையும் வரிவரியாய்ச் சோதிக்க வேண்டியதில்லை. உரிய செயற்கூறு உரிய இடத்தில் அழைக்கப்பட்டுள்ளதா என்று பார்த்தால் போதும்.

ஒத்த தோற்றமும் வேறான பொருளும்

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் வரிகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்பவை அல்ல.

இன்டெல் அட்டைகள் சிலவற்றின் டிரைவர்களிலும் மேற்சொன்ன நான்கு படிகள் இருந்தன. ஆனால் அங்கே எண் 60 அன்று, 17. காரணம், அவ்வட்டைகள் 60 வரை நிரப்பும் வேலையைத் தாமே செய்துகொள்ளும் திறனுடையவை. எனினும் அத்திறன் செயற்பட, பொட்டலம் குறைந்தது 17 பைட்டு இருத்தல் வேண்டும். இதை அறியாது ஒருவர், 'இங்கும் நிரப்பும் வேலைதானே நடக்கிறது' என்று எண்ணி ஈத்_எஸ்கேபி_பேட்டை வைத்திருந்தால் பொட்டலம் கெடாது. ஆனால் அட்டை தானே செய்யக்கூடிய வேலையைக் கெர்னல் ஒவ்வொரு சிறு பொட்டலத்துக்கும் வீணே செய்யும். மாற்றத்தைச் செய்தவர் இதனைக் கருதி, அவ்விடங்களில் 17 என்ற எண்ணோடு எஸ்கேபி_புட்_பேட்டூவை வைத்தார்.

இதற்கு எதிரான தவறு இன்னும் தீங்கானது. நீளத்தை மாற்றும் செயற்கூறு வேண்டிய இடத்தில், நீளத்தை மாற்றாத எஸ்கேபி_பேட்டூவை மட்டும் வைத்துவிட்டு, அட்டைக்கு நீளத்தை 60 என வேறு வகையில் சொல்லாது விட்டால், துடைத்த இடம் அனுப்பப்படாமலே நின்றுவிடும். வரம்புக்குக் குறைந்த பொட்டலம் அட்டையிடம் சென்றுசேரும். இரு செயற்கூறுகளின் பெயர்களுக்குள் உள்ள வேற்றுமை ஒரு சிறு சொல். பயனில் உள்ள வேற்றுமையோ பெரிது.

தோல்வியுற்றால் விடுவிப்பவர் யார்?

துணைச் செயற்கூற்றை உபயோகிப்போர் யாவரினும் மிகுதியாகக் கவனிக்கற்பாலது, அது தோல்வியுறும்போது என்ன செய்கிறது என்பதாகும்.

நிரப்புவதற்கு இடம் போதாமல், புதிய நினைவிடமும் கிடைக்காவிடில் எஸ்கேபி_பேட்டூ தோல்வியுறும். அந்நிலையில் அது பொட்டலத்தைத் தானே விடுவித்துவிடும். அதாவது பொட்டலம் இருந்த நினைவிடத்தைக் கெர்னலிடம் திருப்பி ஒப்படைத்துவிடும். அதன்பின் டிரைவர் அப்பொட்டலத்தைத் தொடுதல் கூடாது.

இங்கே டிரைவர் சொல்லவேண்டிய விடை புதியோர்க்கு வியப்பளிக்கும். பொட்டலத்தை அனுப்பச் சொல்லிக் கெர்னல் டிரைவரை அழைக்கும்போது, டிரைவர் இரண்டில் ஒரு விடை தரலாம். 'சரி' என்றால், பொட்டலம் இனி என் பொறுப்பு என்று பொருள். 'வேலையாக உள்ளேன்' என்றால், பொட்டலத்தை நான் ஏற்கவில்லை, பின்னர் மீண்டும் கொடுக்க என்று பொருள். நிரப்புதல் தோல்வியுற்று, பொட்டலம் அனுப்பப்படாதபோதும் டிரைவர் 'சரி' என்றே சொல்லவேண்டும். 'வேலையாக உள்ளேன்' என்று சொன்னால், கெர்னல் ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட பொட்டலத்தை வரிசையில் வைத்து மீண்டும் அனுப்ப முற்படும். அந்த நினைவிடம் அதற்குள் வேறு வேலைக்குத் தரப்பட்டிருக்கலாம். விளைவு, இயந்திரம் முழுவதும் நின்றுபோவதாகவோ, அதனினும் கொடியதாகவோ முடியலாம். தோல்வியைத் தோல்வி என்று சொல்லுவதே நேர்மை என்னும் நம் இயல்பான எண்ணம் இங்கே தவறான வழியில் செலுத்திவிடுகிறது.

இது கற்பனை அச்சம் அன்று. சுவிட்ச் எனப்படும் பல வாய்க் கருவிகளின் சிப்புகளை ஆளும் பகுதி ஒன்று லினக்ஸில் உண்டு. அப்பகுதியில் ஒரு செயற்கூறு எஸ்கேபி_புட்_பேட்டூவை அழைத்தது. தோல்வியுற்றால் பொட்டலம் விடுவிக்கப்பட்டுவிடும் என்பதைக் கருதாமல், அதே பொட்டலத்தை மீண்டும் ஒருமுறை விடுவிக்கும் வரியும் அங்கே இருந்தது. ஒரே நிலத்தை இருமுறை ஒப்படைத்துப் பட்டா மாற்றியதைப் போல, ஒரே நினைவிடம் இருமுறை ஒப்படைக்கப்படும் நிலை ஏற்பட்டது. 2017 ஆகஸ்டில் இது கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது. அத்துடன் நிற்காமல், தோல்வியில் பொட்டலத்தை விடுவிக்கவேண்டுமா வேண்டாமா என்பதை அழைப்பவரே தெரிவிக்கும் வகையில் செயற்கூற்றின் மற்றொரு வடிவமும் அமைக்கப்பட்டது. இவ்விரு வகை அழைப்பாளரும் உண்டு என்று உணர்ந்து, அவ்வேற்றுமையைச் செயற்கூற்றின் உள்ளேயே ஏற்றுக்கொண்டமை சிறப்பான முடிவு எனலாம்.

இத்தகைய குறை சோதனையில் எளிதில் அகப்படுவதில்லை. நினைவிடம் கிடைக்காது போவது அரிதாகவே நிகழும். நூறு நாள் ஓடிய டிரைவர், நூற்றோராம் நாள் நினைவகம் நெருக்கடியுற்ற ஒரு கணத்தில் வீழும். ஆகவே இயங்கிக் காட்டியது என்பதை மட்டும் சான்றாகக் கொள்ளாமல், செயற்கூற்றின் தலைப்பில் எழுதப்பட்டுள்ள உடன்படிக்கையைப் படித்தே தெளிதல் வேண்டும்.

முகவரியிலும் அதே பாடம்

ஒவ்வொரு வலை அட்டைக்கும் 6 பைட்டு நீளமுள்ள முகவரி ஒன்று உண்டு. முகவரி பொறிக்கப்படாத அட்டைக்கு டிரைவரே ஏதேனும் ஒரு முகவரியை இயைந்தவாறு தோற்றுவிக்கும். ஆறு பைட்டுகளையும் தாறுமாறான எண்களால் நிரப்பினால் மட்டும் போதாது. முதல் பைட்டில் ஒரு பிட்டு, இது பலருக்கு உரிய கூட்டு முகவரியா என்பதைக் காட்டும், அதனை நீக்கவேண்டும். மற்றொரு பிட்டு, இது உள்ளூரில் இடப்பட்ட முகவரி என்பதைக் காட்டும், அதனை இடவேண்டும். மேலும், முகவரி இவ்வாறு தோற்றுவிக்கப்பட்டது என்ற குறிப்பைப் பதிவேட்டிலும் எழுதவேண்டும். பல டிரைவர்கள் முகவரியைத் தோற்றுவித்தன. குறிப்பை எழுத மறந்தன. 2012ஆம் ஆண்டில் 'ஈத்_எச்டபிள்யூ_அடர்_ரேண்டம்' என்ற செயற்கூறு இவ்வேலைகளை ஒன்றாக்கியது. அதை அழைப்பவர் குறிப்பை மறக்க இடமில்லை.

இதனினும் பெரிய நிகழ்ச்சி 2021ஆம் ஆண்டில் நடந்தது. மிகப் பல கிளைவலைகளைக் கொண்ட அமைப்புகளில் முகவரி தேடும் வேலை தாமதமாயிற்று. விரைவில் தேடும்பொருட்டு, முகவரிகளை மரவடிவ அட்டவணை ஒன்றில் அடுக்கினர். ஆனால் அட்டவணை மெய்யாக இருக்கவேண்டுமாயின், முகவரி எப்போது மாறினாலும் அட்டவணையும் உடன் மாறவேண்டும். டிரைவர்களோ முகவரியைத் தம் விருப்பப்படி நேரே நினைவகத்தில் எழுதிக்கொண்டிருந்தன. எழுதுவோர் நூற்றுக்கணக்கில் இருக்க, எவர் எப்போது எழுதினார் என்று அறிவது எங்ஙனம்?

யாகுப் கிசின்ஸ்கி முன்னின்று நடத்திய பணியில், நேரே எழுதும் வரிகள் டிரைவர் டிரைவராக நீக்கப்பட்டு, 'ஈத்_எச்டபிள்யூ_அடர்_செட்' முதலிய செயற்கூறுகள் வைக்கப்பட்டன. இறுதியில் அம்முகவரி, படிக்க மட்டும் கூடியது, நேரே எழுதக் கூடாதது என்று அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் வெளிவந்த 5.17 பதிப்பில் இந்நிலை எய்தியது. அதன்பின் பழைய வழக்கப்படி எவரேனும் எழுதினால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே தடுத்துச் சொல்லிவிடும். மனிதர் நினைவில் வைக்கவேண்டிய விதி, இயந்திரம் காக்கும் விதியாயிற்று. அனைவரும் ஒரே வாயில் வழியே செல்லுமாறு செய்த பின்னரே, அவ்வாயிலில் காவல் வைக்க இயலும் என்பது இதன் கருத்து.

மாற்றம் செய்யும் முறை

இத்தகைய மாற்றங்களைக் கண்ணால் தேடிச் செய்வது கடினம். ஃபிரான்ஸ் நாட்டில் பணிபுரியும் ஆராய்ச்சியாளர் ஜூலியா லாவல் குழுவினர் ஆக்கிய 'காக்சினெல்' என்ற கருவி இதற்கு உதவுகிறது. 'இன்ன வடிவில் வரிகள் இருப்பின், இன்ன செயற்கூற்றை வைக்க' என்று ஒருமுறை எழுதிக் கொடுத்தால், கெர்னல் முழுவதிலும் அக்கருவி அவ்வடிவைத் தேடித் தரும். ஆயினும் 60க்கும் 17க்கும் உள்ள வேற்றுமையின் காரணத்தை அது அறியாது, முடிவு மனிதருடையதே.

திருத்தத்தைப் பராமரிப்பாளர்க்கு அனுப்பும்போது, வலைப்பகுதியில் இரு வழிகள் உண்டு. இருக்கும் பிழையை நீக்குவது ஒரு தொகுப்புக்கும், புதிய வசதியும் ஒழுங்குபடுத்தலும் மற்றொரு தொகுப்புக்கும் செல்லும். பிழை நீக்கமாயின், அப்பிழை எந்த மாற்றத்தால் நுழைந்தது என்பதையும் குறிப்பிடவேண்டும்.

வேறு பணியோடு தொடர்பின்றி, அழகுக்காக மட்டும் செய்யப்படும் சிறு ஒழுங்குபடுத்தல்களை வலைப்பகுதிப் பராமரிப்பாளர்கள் ஊக்குவிப்பதில்லை என்று அவர்தம் விதித்தொகுப்பு கூறுகிறது. இது கற்போர்க்கு மனச்சோர்வு தருவதுபோல் தோன்றினும் நியாயமானதே. எந்த மாற்றத்தையும் ஒருவர் படித்துச் சரிபார்க்க வேண்டும். பழைய பதிப்புகளுக்குத் திருத்தம் கொண்டுசெல்வோர்க்கு ஒவ்வொரு மாற்றமும் ஒரு தடை. மாற்றத்தால் புதிய பிழை நுழையும் அபாயமும் உண்டு. இவ்விலையைக் கொடுப்பதற்கு ஈடான பயன் இருக்கவேண்டும். ஈதர்லீக் குறையை அடைத்ததும், முகவரி அட்டவணைக்கு வழி செய்ததும் அத்தகைய பயன்கள். நான்கு வரியை ஒரு வரியாக்கினேன் என்பது மட்டும் போதிய காரணம் ஆகாது.

ஆசிரியர்க்கும் களப்பணியாளர்க்கும்

கெர்னல் நிரலை எழுதாதவர்க்கும் இதில் கற்கத்தக்கது உண்டு. மாணவர்க்கு நிரல் கற்பிக்கும் ஆசிரியர், ஏஆர்பி கணக்கை வகுப்பில் செய்து காட்டலாம்: 60 இலிருந்து 42 ஐக் கழித்தால் 18. பின்னர், 'இப்பதினெட்டு இடங்களில் எது இருக்கும்?' என்று வினவலாம். 'ஒன்றும் இருக்காது' என்பதே பெரும்பாலான மாணவர் கூறும் விடையாக இருக்கும். நினைவகத்தில் வெற்றிடம் என்பது இல்லை, துடைக்கப்பட்ட இடமும் துடைக்கப்படாத இடமுமே உண்டு என்பதை அப்போது விளக்கினால், அப்பாடம் மனத்தில் நிற்கும்.

பெங்களூரிலும் பிற ஊர்களிலும் கெர்னல் பணியில் புக விரும்பும் இளைஞர்க்கு, பிரதி வரிகளின் இடத்தில் செயற்கூற்றை வைக்கும் வேலை நல்ல தொடக்கமாகும். அதனைத் தொடங்குமுன் நான்கு வினாக்களுக்கு விடை காணவேண்டும். பழைய வரிகள் செய்யும் வேலை எல்லாவற்றையும் செயற்கூறு செய்கிறதா? பழையவை செய்யாத எதையேனும் அது கூடுதலாகச் செய்கிறதா? தோல்வியுற்றால் பொட்டலமோ நினைவிடமோ யார் பொறுப்பில் நிற்கிறது? இம்மாற்றத்தால் எவருக்கு என்ன பயன்? முதல் மூன்றுக்கும் விடை, செயற்கூற்றின் மூல வரிகளிலேயே உள்ளது. அவற்றைப் படிக்க எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை.

அலுவலகப் படிவங்களையும் பதிவேடுகளையும் கையாளும் களப்பணியாளர்க்கு இவ்வினாக்கள் புதியவை அல்ல. ஊருக்கு ஊர் தனிப்படிவம் எழுதிவந்த இடத்தில் பொதுப்படிவம் வந்தால், பழைய படிவத்தில் இருந்த எந்தக் கட்டம் புதியதில் இல்லை, கையொப்பமிடும் பொறுப்பு யாருடையது என்று அவர் முதலில் பார்ப்பார். பொதுப்படிவத்தின் நன்மை, அதில் ஒருமுறை திருத்தினால் எல்லா ஊர்களிலும் திருந்தும் என்பது. அதன் கடமை, ஒருமுறை தவறினால் எல்லா ஊர்களிலும் தவறும் என்பதை மறவாமை. துணைச் செயற்கூறும் அத்தகையதே.